இடப்பக்கம் சாயும் புள்ளடி

கடைசியாக எண்ணியபோது முடிக்காத தையல்கள் என்னிடம் 19 இருந்தன. ஊசி குத்தியபடியே கிடப்பவை அவற்றில் 4. துணியும் நூலும் வரைபடமும் வாங்கி, ஒரு புள்ளடிகூடப் போடாமல் பைக்குள்ளேயே இருப்பவற்றை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கணவரோடு சமாதானமாகக் கதைக்க முடியாது. படுக்கையறை அலுமாரியின் கீழ்த்தட்டு, கட்டிலுக்குக் கீழே இரண்டு பிளாஸ்ரிக் பெட்டிகள், பிறகு விசுக்கோத்து ரின்கள். எங்கள் வீட்டு விசுக்கோத்து ரின்னுக்குள் விசுக்கோத்து இருக்கும் என்று நம்பித் திறந்த ஒரே ஆள் என் மருமகன்தான், அதுவும் கலியாணம் முடித்த முதல் கிழமையில்.

லண்டன் கடைகளில் இதற்குக் குறொஸ் ஸ்ரிச் என்று பெயர். அம்மா புள்ளடித் தையல் என்பார். வாக்குச் சீட்டில் போடுகிற அதே புள்ளடி. கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. கீழே ஒரு சாய்கோடு, அதன் மேல் எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. அவ்வளவுதான் வித்தை. கோலம் போட வந்த கையும் வராத கையும் இங்கே ஒன்றுதான், எண்ணத் தெரிந்தால் போதும். ஆனால் எண்ணத் தெரிந்தவருக்குத்தான் வேலையின் அளவும் தெரியும். 14 கட்டத் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், ஆக ஒரு சதுர அங்குலத்துக்கு 196 புள்ளடி. என் பெட்டியில் 300 கட்ட அகலமும் 400 கட்ட உயரமுமாக ஒரு கடற்கரைக் காட்சி இருக்கிறது. துணியே தெரியாமல் முழுவதையும் நிரப்ப வேண்டியது. 1,20,000 புள்ளடி. எனக்கு மணிக்கு நூறு ஓடும். இரவு குசினி ஒதுக்கி முடித்து ஒரு மணி நேரம், ஒரு நாளும் தவறாமல் இருந்தால் மூன்றே கால் வருடம். நான் அதைத் தொடங்கியது 2014 இல்.

ஏன் இப்படிக் குவிகிறது என்று கேட்பவர்கள் சோம்பல் என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். எனக்கு அது காரணமாகப் படவில்லை. படம் துணியில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடாமல் இருக்க, நடுவிலிருந்து தொடங்கச் சொல்லித்தான் வழக்கமாக எழுதியிருப்பார்கள். நடுவில் இருப்பது முகம், பூ, படகு. பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை நிறம் மாறும். ஒவ்வோர் இரவும் ஏதாவது ஒன்று கண்முன்னே பிறக்கும். படகு முடிந்ததும் மிஞ்சுவது வானம். ஆயிரக்கணக்கில் ஒரே நீலம். அந்த நேரம் பார்த்துத்தான் ஏதாவது சஞ்சிகையில் மயில் வந்து நிற்கும். என் 19 இல் 13 வானத்தில் நிற்கின்றன.

நூலும் சும்மா விடாது. டிஎம்சி நிறுவனம் இன்று பிரான்ஸில் இருக்கும் முலூஸ் நகரத்தில் 1746 இல் துணியில் அச்சடிக்கத் தொடங்கியது. இப்போது அவர்களுடைய தையல் நூல் 500 நிறங்களில் வருகிறது. ஒரு கட்டு 8 மீற்றர், அதற்குள் பிரித்தெடுக்கக்கூடிய 6 இழை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண். கறுப்பு 310. தைப்பவர்கள் இந்த எண்களைப் பிள்ளைகளின் பிறந்த தேதி போல மனப்பாடமாக வைத்திருப்பார்கள். நானும் அக்காவும் தொலைபேசியில் எண்களாலேயே கதைத்த நாட்கள் உண்டு. பக்கத்தில் இருந்து கேட்ட அத்தான், லொத்தர் எண் பார்க்கிறோம் என்று நினைத்தாராம்.

இந்தத் தொழிலாளிகள் தங்கள் குவியலுக்கு வெட்கப்படுவதில்லை. அதற்கென்று சொற்களே வைத்திருக்கிறார்கள். முடியாத வேலை யூஎஃப்ஓ, பறக்கும் தட்டுக்குள்ள அதே மூன்று எழுத்து. பிசகியதைப் பிரித்தெடுப்பதற்குத் தவளையின் பெயரால் ஒரு சொல். பிரி, பிரி என்று ஆங்கிலத்தில் விடாமல் சொன்னால் அவர்களுடைய காதுக்குத் தவளை கத்துவதுபோல இருக்கிறதாம். எங்கள் ஊர்த் தவளைக்கு அந்தச் சிலேடை விளங்காது. சேர்த்து வைத்தவரின் ஆயுள் போதாத அளவுக்குச் சேர்ந்துவிட்ட சரக்குக்கு சேபிள் என்று பெயர். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். 2023 மாசியில் ஸ்காபரோவில் அக்கா இறந்த பிறகு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

அக்கா இடக்கைக்காரி. விஜயதசமிக்கு ஏடு தொடக்கியபோது தட்டில் பரப்பிய அரிசிக்கு இடக்கையைத்தான் நீட்டினாராம். வலக்கையைப் பிடித்திழுத்து ‘அ’ எழுதுவித்தார்கள். மிச்சத்தைப் பள்ளிக்கூடத்தில் அடிமட்டம் பார்த்துக்கொண்டது. எழுதுவது, சாப்பிடுவது, திருநீறு வாங்குவது எல்லாம் வலக்கைக்கு மாறின. ஊசி மட்டும் மாறவில்லை. தையல் பாடத்தில் ரீச்சர் துணியைத்தான் பார்ப்பார், கையைப் பார்க்க மாட்டார் என்பது அக்காவின் விளக்கம். “தைக்கேக்கை மட்டும்தான் என்ரை கையாலை ஒரு வேலை செய்யிறன் எண்டு இருக்கும்” என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு உடனே உருளைக்கிழங்கு விலைக்குப் போய்விட்டார்.

2021 இல் பேரன் பிறந்ததும் அவனுக்கு ஒரு நெடுங்கணக்குத் தைக்கத் தொடங்கினார். எழுத்துகளைத் தைத்து வைப்பது இங்கே பழைய வழக்கம். சிறுமிகள் எழுத்தையும் தையலையும் ஒரே துணியில் பழகினார்கள், கீழே தங்கள் பெயரையும் ஆண்டையும் போட்டார்கள். லண்டன் விக்ரோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பொஸ்ரொக் என்ற பெண் தைத்தது ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவில் ஆண்டு குறித்த தையல் மாதிரிகளுள் தெரிந்தவற்றில் அதுவே மூத்தது. அதில் போட்டிருக்கும் ஆண்டு 1598. அது குறித்து வைப்பதோ அலிஸ் லீ என்ற பிள்ளை 1596 இல் பிறந்த செய்தியை. இதை அக்காவுக்குச் சொன்னபோது அவருக்குப் பெரிய ஆறுதல். தொட்டில் பிள்ளைக்கு என்று தொடங்கியது நடக்கிற பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்வது 400 வருடத்துக்கு முன்பே இருந்திருக்கிறது.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்குக் கட்டத் துணி நல்ல தோது. எச், எல், ரி எல்லாம் நேர்கோடு. எங்கள் எழுத்து வளைந்தது ஓலை கிழியாமல் இருப்பதற்காக என்பார்கள். ஐடா துணியோ வளைவு என்றால் என்னவென்றே அறியாதது. ஒவ்வொரு சுழியும் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்க வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தால்தான் சுழி. அக்கா சதுரக் கொப்பியில் பென்சிலால் நிரப்பி நிரப்பி அழித்தார். எழுத்து 20 கட்ட உயரம், மெய்யெழுத்தின் புள்ளிக்கு நாலு புள்ளடி. ஒவ்வொன்றையும் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். “‘ஞ’ விழுந்த சைக்கிள் மாதிரிக் கிடக்கு, என்ன செய்ய?” என்று ஒருநாள். சில்லைச் சின்னதாக்கச் சொன்னேன். ‘இ’ மட்டும் ஆறு தடவை மாறியது. ஆறாவது உண்மையில் அழகு, அதைப் போல ஒரு ‘இ’யை நான் எந்த அச்சிலும் பார்த்ததில்லை.

உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் முடிந்தன. மெய்யில் ‘ட்’ வரை வந்தார். மூன்றுசுழி ‘ண்’ணில் இரண்டு சுழி முடிந்திருந்தது.

அந்தியேட்டி முடிந்து பெறாமகள் பெட்டியைத் திறந்தபோது அதில் 11 தையல். “சின்னம்மா, மற்றதுகளை ஆருக்கும் குடுப்பம். இதை மட்டும் நீங்கள் முடிச்சுத் தாங்கோ” என்றாள். இறந்தவர்களின் கைவேலையை முடித்துக் கொடுப்பதற்கு லூஸ் எண்ட்ஸ் என்று தொண்டர்களின் அமைப்பே இருக்கிறது, 2022 இல் அமெரிக்காவில் இரண்டு பெண்கள் தொடங்கியது. நல்ல வேலை. இந்தத் துணியை அங்கே அனுப்ப எனக்கு மனமில்லை. தமிழ் தெரியாத கையும் வரைபடத்தைப் பார்த்து இதைச் சரியாகத் தைக்கும் என்பது தெரிந்தும்தான்.

லண்டனுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் விரித்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. புள்ளடியில் மேலே கிடக்கும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்பது இந்தத் தையலின் முதல் விதி. பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏற்றியிருப்பார்கள். சாய்வு மாறினால் அந்த இடம் வெளிச்சத்தில் வேறு நிறம் போலத் தெரியும். எனக்கு மேல் இழை வலப்பக்கம் சாயும். அக்காவுக்கு இடப்பக்கம். 50 வருடம் அக்கா தைத்ததைப் பார்த்திருக்கிறேன், இது என் கண்ணில் படவே இல்லை. நான் என் வழக்கப்படி தைத்தால் ‘ண்’ணின் மூன்றாவது சுழியிலிருந்து வெளிச்சம் மாறும். சுவரில் மாட்டினால் ஒவ்வொரு காலையும் சூரியன் வந்து, அக்கா எதுவரை, தங்கச்சி எதிலிருந்து என்று கோடு கிழித்துக் காட்டும்.

அது உண்மைதானே, அப்படியே இருக்கட்டும் என்றார் கணவர். அவர் கணக்காளராக இருந்தவர், யாருடைய பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் அவருக்குத் திருப்தி. எனக்கு அது சரியில்லை. அக்காவின் வலக்கையைப் பிடித்திழுத்தவர்கள் போதும்.

இழையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நாலு புள்ளடி சரியாக விழும், ஐந்தாவதில் கை தன் பாட்டுக்குப் போய்விடும். பிறகு கண்டுபிடித்த வழி மிகவும் எளியது. துணியைக் கால்வட்டம் திருப்பினால் போதும். பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு என் வழக்கப்படி வலப்பக்கம் சாய்த்துத் தைத்தால், நிமிர்த்தும்போது அது இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் எழுத்துகளை எல்லாம் படுக்க வைத்துத் தைக்கிறேன். கொப்பியையும் பக்கவாட்டில் வைத்துக்கொள்கிறேன். படுத்திருக்கும் ‘த்’தை முதல் இரவு எனக்கே அடையாளம் தெரியவில்லை. எழுத்தாகப் பார்க்காமல் வெறும் கட்டமாக எண்ணினால்தான் ஓடுகிறது. வீடியோவில் பார்த்த பேரன் எழுத்து ஏன் நித்திரை கொள்ளுது என்று கேட்டான், ஆங்கிலத்தில்.

அதே அருங்காட்சியகத்தில் எலிசபெத் பாக்கர் என்பவரின் துணியும் இருக்கிறது. 1830 அளவில், சிவப்பு நூலில், சின்னச் சின்னப் புள்ளடியால் முழுக்க முழுக்க எழுத்து. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் பட்ட துன்பத்தையும் சாக நினைத்ததையும் வரி வரியாகத் தைத்துக்கொண்டே போய், ஒரு வசனத்தின் நடுவில் நின்றுவிடுகிறார். கீழே வெறுந்துணி. அவர் அதன் பிறகு நெடுங்காலம் இருந்தார், பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். அந்த வசனத்தை யாராவது முடித்து வைத்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அக்காவின் துணியை அப்படி விடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் இது அக்கா தன்னைப் பற்றி எழுதியது இல்லை, பேரன் படிக்க எழுதியது. ‘ண்’ணோடு நின்றால் அவன் அம்மா என்றுகூட எழுத முடியாது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அக்கா தன் பெயருக்கும் ஆண்டுக்கும் இடம் விட்டிருக்கிறார். பெயர் முழுவதும் கட்டத்தில் நிரப்பியாயிற்று. ஆண்டுக்கு 202 வரை பென்சிலால் எழுதி, கடைசி இலக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். எந்த ஆண்டு முடிப்பார் என்று அவருக்கும் நிச்சயமில்லை. பேரன் பிறந்த ஆண்டைப் போடலாம் என்கிறாள் பெறாமகள். முடிக்கிற ஆண்டைப் போடுவதுதான் முறை என்கிறேன் நான், பொஸ்ரொக் போட்ட மாதிரி. அக்கா இல்லாத ஓர் ஆண்டின் கீழ் அக்காவின் பெயரை எப்படிப் போடுவது என்று அவள் கேட்கிறாள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இப்போது ‘ழ்’ நடக்கிறது, கீழே இறங்கும் வால் மட்டும் மிச்சம். அதற்குப் பிறகு ள், ற், ன்.