மகன் கட்டிய ஊரில் ஐந்து நாள்

திருச்சியில் விமானம் ஏறினால் சிங்கப்பூர் நான்கு மணி நேரம்தான். அதே திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போக இதைவிட நேரமாகும். அந்த விமானத்தில் இரண்டு வகைப் பயணிகளை எப்போதும் பார்க்கலாம். கையில் சுற்றுலாப் பட்டியலோடு குடும்பமாக வருகிறவர்கள் ஒரு வகை. பிளாஸ்டிக் ஃபைலில் பெர்மிட் பேப்பர்களை வைத்துக்கொண்டு, அதை மடியிலிருந்து இறக்காமல் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் இன்னொரு வகை. இரண்டு கூட்டமும் ஒரே ஊரில்தான் இறங்குகிறது. அதன்பிறகு ஒருவர் இன்னொருவரைப் பார்ப்பது அபூர்வம்.

2024 மே மாதம் திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பிய குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. பெரியவர் கொத்தனார். செட்டிநாட்டு வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசிப் பழகிய கை. மகன் 2012-ல் 'டெஸ்ட் அடித்து' சிங்கப்பூர் போனவர். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் இங்கேயே தேர்வு எழுதி, செய்தும் காட்டி, பாஸானால்தான் பெர்மிட். அதற்குத்தான் அந்தப் பெயர். அவர் அனுப்பிய பணத்தில் தங்கை இன்ஜினீயரிங் படித்தார். சென்னையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா, அப்பா, அண்ணி, அண்ணன் மகன் எல்லோரையும் அண்ணன் இருக்கும் ஊருக்கு ஒருமுறை கூட்டிப்போவது அவருடைய வெகுநாள் ஆசை. போனில் சொன்னபோது அண்ணன் கோபப்பட்டார்.

"எதுக்கு காசைக் கரியாக்குற? நான்தான் வருஷம் திரும்பினா வர்றேன்ல?"

அவர் வந்து போவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஒரு மாதம். பையனுக்கு ஏழு வயது. அப்பாவோடு அவன் இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம்கூட வராது. இந்தக் கணக்கைத் தங்கை சொல்லவில்லை. டிக்கெட் போட்டுவிட்டுச் சொன்னார்.

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பெரியவர் முதலில் பார்த்தது தமிழ் எழுத்து. ஆங்கிலம், சீனம், மலாயோடு தமிழும் அங்கே ஆட்சிமொழி. வழிகாட்டிப் பலகையை அவரே எழுத்துக்கூட்டிப் படித்து முன்னால் நடந்தார். பக்கத்திலேயே இருக்கும் 'ஜுவல்' கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்த்து பேரன் கத்தினான். "கரண்டு போனா என்ன செய்வாங்க?" என்று அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்விதான்.

லிட்டில் இந்தியாவில் சிறிய ஓட்டல். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு மகன் வந்தார். வேலை முடிந்து, குளித்து, பஸ்ஸும் ரயிலும் மாறி ஒன்றரை மணி நேரம். அம்மா அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கம்பி கட்டுகிறவர் கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பேரன் கொஞ்ச நேரம் அம்மா முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டு, பிறகு வந்து அப்பாவின் செல்போனை வாங்கிக்கொண்டான். பத்தரைக்கு மகன் கிளம்ப வேண்டியிருந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்கு லாரி.

அடுத்த இரண்டு நாளும் அவர் இல்லாமல்தான் ஊர் சுற்றினார்கள். தங்கையின் பட்டியல் நீளமானது. சிங்கத் தலையும் மீன் உடலுமாகத் தண்ணீரைத் துப்பும் மெர்லயன் முன்னால் எல்லோரையும்போல வாயைத் திறந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கரையில் மூன்று கோபுரங்களின் தலையில் கப்பலை வைத்ததுபோல நிற்கும் மரீனா பே சாண்ட்ஸை அண்ணாந்து பார்த்தார்கள். உயிரியல் பூங்கா, கேபிள் கார், ஐஸ்கிரீம். இவற்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோர் செல்போனிலும் அந்தப் படங்கள் இருக்கின்றன.

பட்டியலில் இல்லாத ஓர் இடத்தில் பெரியவர் நின்றுவிட்டார். சிட்டி ஹால் ரயில் நிலையத்தை விட்டு மேலே வந்தால் புல்வெளி நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம். செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரல். வெயிலுக்கு ஒதுங்கத்தான் போனார்கள். அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள் என்று மகள் செல்போனில் பார்த்துச் சொன்னார். 1856-ல் தொடங்கி 1861-ல் முதல் வழிபாடு நடந்திருக்கிறது. சுவருக்குப் பூசியது 'மெட்ராஸ் சுண்ணம்'. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவது.

"கடுக்காய் போடலியா?" என்றார் பெரியவர்.

"அது போடலை போலப்பா."

"நாங்க போடுவோம்."

செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவர்களுக்கும் இதே குடும்பத்துக் கைப்பக்குவம்தான். இத்தனை வருடத்தில் மேற்பூச்சு எத்தனையோ முறை மாறியிருக்கும். ஆனாலும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, புறங்கையால் சுவரைத் தடவியபடியே கட்டடத்தை ஒரு சுற்று வந்தார். கைதியாக வந்தவன் ஊர் திரும்பினானா என்று கேட்டார். தண்டனை முடிந்தவர்களில் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்பதுதான் வரலாறு. மகள் அதைப் படித்துவிட்டு, "சில பேர் வந்திருப்பாங்கப்பா" என்றார்.

மறுநாள் சைனாடவுனில் மாரியம்மன் கோயில். சீனக் கடைகளுக்கு நடுவே நம் ஊர்க் கோபுரம். பக்கத்துத் தெருவுக்கே இந்தக் கோபுரத்தால் 'பகோடா தெரு' என்று பெயர். 1827-ல் இந்தக் கோயிலை எழுப்பிய நாராயண பிள்ளை, 1819-ல் ராஃபிள்ஸோடு கப்பலில் வந்து இறங்கியவர். செங்கல் சூளை போட்டார். அந்த ஊரின் முதல் கட்டட கான்ட்ராக்டர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். ஆக, சிங்கப்பூரில் தமிழன் இருநூறு வருடமாகச் செங்கல்லும் கையுமாகத்தான் இருக்கிறான். ஊரில் இரண்டு இடங்களில் தமிழ் எழுத்து தவறாமல் கண்ணில் படுகிறது. ஒன்று விமான நிலையம். இன்னொன்று, கட்டட வேலை நடக்கும் இடத்து வேலியில் தொங்கும் 'அபாயம்' பலகை. அப்பத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். போகும் வழியெல்லாம் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, வேலி இடுக்கில் உள்ளே எட்டிப் பார்த்தபடியே வந்தார். மகன் தெரிகிறாரா என்றுதான்.

சனிக்கிழமை மகனுக்கு லீவு கிடைத்தது. காலையில் சலவைச் சட்டையோடு வந்து நின்றார். அவுட்ரம் பார்க்கில் மாறி, தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் தடத்தில் ஏறினார்கள். ரயிலில் டிரைவர் கிடையாது. அப்பத்தா பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். மகன் பையனை முன்பெட்டிக்குக் கூட்டிப்போய் கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைக் காட்டினார். வட்ட வட்டமாகக் கான்கிரீட் வளையங்கள் பாய்ந்து வந்தன. ஒவ்வொரு வளையத்தையும் துண்டு துண்டாக வார்த்துக் கொண்டுவந்து உள்ளே பொருத்துவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். அதுவரை 'ம்' என்றுமட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த பையன், அப்போதுதான் கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

'கார்டன்ஸ் பை த பே' நிலையம் வந்ததும் மகன் இறங்கி, ஒரு தூண் அருகே நின்றார்.

"இது நான் வேலை பார்த்த இடம்" என்றார். 2022 நவம்பரில் திறந்த நிலையம் அது. "இந்த இடமெல்லாம் முன்னாடி கடல். மண்ணைக் கொட்டி மேடாக்கினது. தோண்டினா சேறு வரும். ஒவ்வொரு தட்டாக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் போட்டு வரணும்."

பெரியவர் தூணைத் தட்டிப் பார்த்தார். "எத்தனை எம்.எம். கம்பி?" அப்பாவும் மகனும் அடுத்த பத்து நிமிடம் பேசிய பேச்சு மற்றவர்களுக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து பேசி யாரும் பார்த்ததில்லையாம். "கொரோனா நேரத்துல?" என்று மருமகள் மெல்லக் கேட்டார். "அப்ப வேலை நின்னுபோச்சு. ரூமுக்குள்ளதான்" என்று மகன் பேச்சை மாற்றினார். 2020 ஏப்ரலில் தொழிலாளர் விடுதிகளைப் பூட்டினார்கள். மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. அப்போது தினமும் வீடியோவில் சிரித்துக்கொண்டே பேசியவர், ரூமில் எட்டுப் பேருக்குத் தொற்று வந்ததை இந்த நடைமேடையில்தான் முதன்முறையாகச் சொன்னார்.

மேலே வந்தால் பூங்கா. 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் இரும்பு மரங்கள். அவற்றினடியில் நடப்பதற்குக் காசு இல்லை. கண்ணாடிக் கூடாரங்களுக்குள் போகத்தான் டிக்கெட். பக்கத்திலேயே மூன்று வருடம் வேலை பார்த்தும் மகன் உள்ளே போனதில்லை. தங்கை ஆறு டிக்கெட் எடுக்கப் போனார்.

"அஞ்சு போதும். எனக்கு எதுக்கு? நான் வெளியே நிக்கிறேன்."

"நீங்க வரலைன்னா நானும் போகலை" என்றார் மருமகள். ஊரிலிருந்து வந்த நான்கு நாளில் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒருமுறைதான்.

மேகக் காட்டுக் கூடாரத்துக்குள் சில்லென்ற காற்று. 35 மீட்டர் அருவிச் சாரல் முகத்தில் அடித்தது. மலைப்பிரதேசத்துச் செடிகளுக்காக அந்தக் குளிர். "செடிக்கெல்லாம் ஏ.சி. போட்டு வெச்சிருக்காங்களே!" என்று அப்பத்தா வியந்தார். கணவனும் மனைவியும் மேல் நடைபாதையில் கொஞ்சம் பின்தங்கி நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. இறங்கி வரும்போது மருமகள் கண் சிவந்திருந்தது. கையில் அவருடைய சட்டைப் பை பேனா இருந்தது. எதற்கோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு மாடி எடுத்த கடன் இன்னும் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை தங்கையின் பட்டியலில் செந்தோசா தீவு இருந்தது. அப்பத்தா முடியாது என்றார்.

"எனக்கு இவன் படுக்கிற இடத்தைப் பார்க்கணும்."

"விசிட்டரை உள்ள விட மாட்டாங்கம்மா."

"வெளிய நின்னு பார்க்கிறேன்."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. தேக்கா மார்க்கெட்டில் காலைச் சாப்பாடு முடித்து, ரயிலில் மேற்கே போனார்கள். துவாஸ் லிங்க் அந்தத் தடத்தின் கடைசி நிலையம். அங்கிருந்து பஸ். அடுக்குமாடிக் குடியிருப்புகள் மறைந்து ஆலைகளும் குடோன்களும் வந்தன. எந்தச் சுற்றுலாப் பேருந்தும் அந்தப் பக்கம் வராது.

விடுதி நீளமாக, சுத்தமாக, வேலிக்குள் இருந்தது. ஒவ்வொரு மாடி வராந்தாவிலும் வரிசையாகக் காயும் துணிகள். மகன் கையை நீட்டிக் காட்டினார். "மூணாவது மாடி. இடமிருந்து ஆறாவது ஜன்னல்."

"எத்தனை பேர்?"

"பன்னிரண்டு. எல்லாம் நம்ம பக்கத்துப் பசங்கதான்."

"ஃபேன் இருக்கா?"

"நாலு இருக்கும்மா."

அப்பத்தா ஆறாவது ஜன்னலை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார். கொண்டுவந்திருந்த பையை மகனிடம் கொடுத்தார். முறுக்கு, பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய். ஊரிலேயே பன்னிரண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தார். ரூமில் எத்தனை பேர் என்று மருமகளிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். மகன் பையோடு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஆறாவது ஜன்னலில் நாலைந்து முகங்கள் தெரிந்தன. கை ஆட்டினார்கள். ஒருவர் முறுக்கைத் தூக்கிக் காட்டினார். அப்பத்தா தலைக்குமேல் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். தங்கை போட்டோ எடுக்கப் போக, மருமகள் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கிருந்து திரும்பி வந்தபோது லிட்டில் இந்தியா நிரம்பி வழிந்தது. ஞாயிறு மாலை அந்த வட்டாரத்துப் புல்வெளிகளில் நடக்க இடம் இருக்காது. வட்டமாக உட்கார்ந்து பேசுகிறவர்கள், வீடியோவில் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறவர்கள். குடும்பத்தோடு வந்தவர் என்று மகனைப் பலர் திரும்பிப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து பையனிடம் பெயர் கேட்டு, ஒரு ஜூஸ் பாக்கெட் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். தனக்கும் இதே வயதில் மகன் இருக்கிறான் என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விமானம். மகன் வேலைக்குப் போய்விட்டதால் வழியனுப்ப வரவில்லை.

அடுத்த மாதம், ஜூன் 23-ம் தேதி, அந்த ரயில் தடத்தின் அடுத்த பகுதி ஏழு நிலையங்களோடு திறந்தது. அன்று ஞாயிறு. மகன் தனியாகப் போய், கடைசி நிலையம்வரை ஏறி இறங்கி, முன் கண்ணாடியில் தெரியும் சுரங்கத்தைப் படம் எடுத்துப் பையனுக்கு அனுப்பினார். பெரியவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வளையங்களின் இணைப்பு நேராக வந்திருப்பதாகச் சொன்னார். மருமகள் அன்றிரவு போனில், இந்த பெர்மிட் எப்போது முடிகிறது என்று கேட்டார்.

"அடுத்த சித்திரைக்கு."

"புதுப்பிக்கச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லலை."