மொட்டைமாடியிலிருந்து இரு விமானங்கள்

1998இல் சேலையூரில் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு பஞ்சாபித் தம்பதியர் குடிவந்தனர். கணவர் தாம்பரம் விமானப்படைத் தளத்துப் பயிற்றுநர் பள்ளிக்கு வந்திருந்த இளம் விமானி. மனைவிக்குத் தமிழ் தெரியாது. என் அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆயினும் குடிவந்த இரண்டாம் வாரமே அம்மா மிக்ஸியை மூடிவைத்துவிட்டு, காலைச் சட்னியை அம்மியில் அரைக்கத் தொடங்கினார். காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. மிக்ஸி ஓடினால் விமானத்தின் ஓசை கேட்காது. ஓசை கேட்காவிட்டால் அந்தப் பெண் பதறிப்போய்ப் படியிறங்கி வந்துவிடுவாள்.

அப்போது எங்கள் தலைக்குமேல் வட்டமிட்டவை ஹெச்பிடி-32 தீபக் விமானங்கள். பெங்களூரின் ஹெச்ஏஎல் நிறுவனம் வடிவமைத்தது. 1977 ஜனவரியில் முதன்முறையாகப் பறந்தது. அதற்கு முன்பு கட்டகேயின் குழு வடிவமைத்து 1951இல் பறக்கவிட்ட ஹெச்டி-2 இருந்தது. அது வட்டமிட்ட காலத்தை என் அப்பா சொல்லக் கேட்டதுண்டு. பயிற்றுநர் பள்ளி அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது 1954இல் என்பதால், அகரம்தென், மாடம்பாக்கம், செம்பாக்கம் ஊர்க்காரர்களுக்கு விமானம் என்பது அரைநூற்றாண்டுக்கு மேலாகக் காகத்தைப்போலப் பழகிய பறவை. நாங்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

தீபக்கின் சக்தி 260 குதிரைத்திறன். சக்கரங்கள் உள்ளே மடங்கா. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வர். இந்த அமைப்பின்மேல் எனக்கு இன்றும் ஒரு பிரியம் உண்டு. மாணவனின் கை நடுங்குவதையும் நெற்றி வியர்ப்பதையும் பக்கத்திலிருந்து பார்க்க இயலுமல்லவா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கைபிடித்து எழுத்துச் சொல்லிக்கொடுத்ததற்குச் சற்றே நெருங்கிய ஏற்பாடு. (விமானம் அறிந்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். போர்விமானத்தில் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், அதற்குப் பழக வேண்டாமா என்றார். அதுவும் நியாயந்தான்.)

அந்தப் பெண் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது கவனித்திருக்கிறேன். வானில் இயந்திர ஓசை சட்டென்று தணியும். அவள் கை கொடியிலேயே நின்றுவிடும். ஓசை மீண்டும் எழும், கை நகரும். இயந்திரம் நின்றால் எப்படி இறக்குவது என்பதே பாடம். அதற்காக ஆசிரியரே விசையைக் குறைப்பார் என்று அவள் கணவர் எனக்கு விளக்கினார். ஆனால் பாடத்துக்கான அமைதிக்கும் மெய்யான அமைதிக்கும் தரையிலிருந்து கேட்பவர் காதில் வேறுபாடு கிடையாது. தீபக்கின் இயந்திரம் பறக்கும்போதே நின்றுபோவது உண்டென்பதும், நின்றபின் அது வெகுதூரம் மிதந்து செல்லாமல் விரைந்து தாழும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இருக்கையோடு வெளியே வீசி விமானியைக் காக்கும் ஏற்பாடு அதில் இல்லை. முதுகில் பாராசூட் உண்டு. ஆனால் மூடியைத் திறந்து குதிப்பதற்கு உயரம் வேண்டும், நேரம் வேண்டும்.

ஐந்தாறு மாதங்களில் பயிற்சி முடிந்து அவர்கள் சென்றனர். இரண்டு தீபாவளிகளுக்கு வாழ்த்து அட்டை வந்தது. பிறகு நின்றது.

2009 ஜூலை 31 அன்று ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில் ஒரு தீபக் விழுந்து இரு விமானிகள் இறந்தனர். மறுநாள் அம்மா செய்தித்தாளை என்னிடம் நீட்டி, "பேரைப் படி" என்றார். மாடியில் இருந்தவரை அம்மா "தம்பி" என்றே அழைத்துவந்தார், முழுப்பெயர் அறியார். அவர் இல்லை என்றேன். "வேற யாரோ வீட்டுப் பிள்ளைங்க" என்று மட்டும் சொன்னார். அத்தோடு தீபக் விமானங்கள் பறப்பது நிறுத்தப்பட்டது. 17 விபத்துகளில் 19 விமானிகள் என்பது அப்போது செய்திகளில் வந்த கணக்கு. விமானம் முழுவதையும் தாங்கும் பாராசூட் ஒன்றைப் பொருத்தும் யோசனையும் பேசப்பட்டது, நடைமுறைக்கு வரவில்லை. தீபக்கின் உடலிலேயே டர்பைன் பொருத்திய ஹெச்டிடி-34 என்ற மாற்றுருவம் 1984இலேயே பறந்துகாட்டியது என்பதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பன்று, ஒருவகை ஆற்றாமை. அது உற்பத்திக்குப் போகவேயில்லை.

இடையில் சில ஆண்டுகள் புதியவர்களும் நேரே கிரண் ஜெட்டில் ஏறினார்கள். பின்னர் சுவிட்சர்லாந்தின் பிலாடஸ் பிசி-7 மார்க் 2 வந்தது. 2012இல் 75 விமானங்களுக்கு ஒப்பந்தம். 2013 முதல் வரத் தொடங்கின. 700 குதிரைத்திறன் டர்பைன், நான்கு இறகுச் சுழலி, மடங்கும் சக்கரங்கள், ஒருவர்பின் ஒருவராக இருக்கைகள். இரண்டு இருக்கைகளும் விமானியை வெளியே வீசிக் காப்பவை. பழையதையும் புதியதையும் ஒப்பிட வேறு பத்து அளவுகோல்கள் இருக்கலாம். எனக்கு இந்த ஒன்று போதும்.

ஓசையும் மாறிவிட்டது. தீபக்கின் படபடப்பில் ஒரு பழைய ஸ்கூட்டரின் மூச்சு இருந்தது. பிலாடஸின் ஒலி மெல்லிய சீழ்க்கை. அதன் ஏற்றயிறக்கங்களை என் காது இன்னும் படிக்கக் கற்கவில்லை.

2025 நவம்பரில் திருப்போரூர் அருகே பயிற்சியில் இருந்த பிலாடஸ் ஒன்று விழுந்தது. செய்தி பார்த்ததும் அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். ஆனால் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது; பக்கத்து வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். கொல்லையில் குழாயடியில் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே கேட்டார்.

"உள்ள இருந்த பிள்ளை?"

"சீட்டோட வெளிய வந்து தப்பிச்சுட்டாரும்மா."

"அப்ப சரி" என்று இன்னொரு செம்பு நீரை அம்மியின்மேல் ஊற்றினார்.