மணப்பாட்டு மணலில் ஒரு பசுந்தோட்டம்

திருச்செந்தூரிலிருந்து கடற்கரையோரமாய்த் தெற்கு நோக்கிச் சென்றால், குலசேகரன்பட்டினத்தைக் கடந்ததும் மணப்பாடு வந்துவிடும். கடலை நோக்கி நீண்டிருக்கும் மணற்குன்றும், அதன்மேல் 1581-ஆம் ஆண்டில் எழுந்த திருச்சிலுவை ஆலயமும் தொலைவிலேயே கண்ணில் படுகின்றன. உப்புக்காற்று ஓயாது வீசும் இவ்வூரில் காய்கறித் தோட்டம் எங்ஙனம் அமையும் என நாம் ஐயுற்றோம். எம்மை விருந்தோம்பிய இல்லத்து மூதாட்டியார் அவ்வையத்தைத் தீர்த்துவைத்தார்.

வீட்டின் பின்புறம் சிறியதொரு முற்றம். காற்றைத் தடுக்கக் கடற்பக்கம் பூவரசு. அதன் மறைவில் முருங்கை, கத்தரி, கொத்தவரை. ஓரங்களில் கற்றாழையும் நித்தியகல்யாணியும். மணலில் நீர் தங்காது. ஆதலால் குழிதோறும் மட்கிய சாணமும் சருகும் இட்டு, தூரைத் தென்னை ஓலையால் மூடியிருந்தார். அரிசி களைந்த நீரும் வீணாவதில்லை.

முருங்கைத் தண்டில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாய் ஒட்டியிருந்தன. “பாட்டி, கடையில் மருந்து வாங்கித் தெளித்தால் ஒரே நாளில் மடிந்துவிடுமே!” என்றோம்.

“அதை மருந்து என்று சொல்லாதீர்கள், மக்களே. அது நஞ்சு. காலையில் நான் தெளித்தால், மாலையில் என் பேத்தி அந்தக் கீரையைப் பறிக்க வருவாளே!” என்றார் அவர்.

நாம் தலைகுனிந்தோம். சென்ற ஆண்டு எமது அவரைப் பந்தலில் அசுவினி கண்டு நஞ்சு தெளித்தோம். அசுவினியோடு, அதைத் தின்னும் பொறிவண்டுகளும் மாண்டன. சில நாட்களில் அசுவினி மீண்டும் பெருகிற்று, பொறிவண்டு வரவில்லை. அதனினும் கொடிது, எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று புட்டியில் எழுதியிருந்ததைப் படியாமல், மூன்றாம் நாளே பறித்துக் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுத்தோம்.

மூதாட்டியார் கையில் துணி சுற்றிக்கொண்டார். புழுவின் மயிர் பட்டால் தோல் அரிக்கும். இப்புழுக்கள் இரவில் மேய்ந்து, பகலில் தண்டில் ஒடுங்குவன. அவற்றை ஈர்க்கு விளக்குமாற்றால் சோப்பு நீர் நிறைந்த வாளிக்குள் தள்ளிவிட்டார். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது.

கத்தரிக்கு அவர் கையாள்வது வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைக்க வேண்டும். காலையில் பிழிந்து வடிகட்டி, இலையில் ஒட்டும்பொருட்டுச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, அன்று மாலையே தெளித்திடல் வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் குன்றும். புழு உடனே சாவதில்லை. இலையைத் தின்ன மறுத்து, தோலுரிக்க இயலாமல் மெல்ல அழியும். எனவே பொறுமை வேண்டும். வாரந்தோறும் செடியைப் பார்க்கவும் வேண்டும்.

விடைபெறுகையில் ஒரு முருங்கைப் போத்தும், நிழலில் உலர்த்திய ஒரு படி வேப்பங்கொட்டையும் தந்தனுப்பினார். போத்து இன்று எமது கொல்லையில் தளிர்த்திருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் நம் தெருக்களில் வேப்பம்பழம் உதிர்ந்து வீணாய் மிதிபடுகிறது. அன்பு வாசகர்களே, இவ்வாண்டு அதைப் பிள்ளைகளோடு சேர்ந்து பொறுக்கி வைப்போமா?