சொன்னது நான், எழுதியது யார்?



சூரமங்கலத்தில் மாலை மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். பெற்றோருக்குச் செய்தி, ஜும்ஆ அறிவிப்பு, மஹல்லாவாசிகள் கேட்கும் கடிதங்கள் என எழுத்து வேலைக்குக் குறைவில்லை. கைப்பேசியின் சிறு விசைகளில் தமிழைத் தட்டுவதற்குள் விரலும் கண்ணும் சோர்ந்துவிடும். ஆகவே சில ஆண்டுகளாக நான் வாயால் சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தருகிறது. இப்போது பல நிறுவனங்கள் தமிழுக்கு இவ்வசதியைத் தருகின்றன. இந்திய மொழிகளுக்காக ஒன்றிய அரசும் 2022இல் 'பாஷினி' திட்டத்தைத் தொடங்கியது. எழுதப் பழகாத நம் தாய்மார்களும் இன்று பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்ப முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது ஒரு நிஃமத்தே.

ஆனால் இந்த நிஃமத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கொலுசுப் பட்டறையில் வேலை செய்த ஒரு சகோதரர், மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் 60,000 ரூபாய் கடன் பெற்றார். இருவரும் என்னை எழுதித் தரச் சொன்னார்கள். ரயில் நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே நின்று "அறுபதாயிரம்" என்று சொன்னேன். செயலி "இருபதாயிரம்" என்று எழுதியது. நான் வாசிக்காமலேயே இருவருக்கும் அனுப்பினேன். அவர்களும் வாசிக்கவில்லை.

இத்தகைய செயலி ஒலியை மட்டும் கேட்பதில்லை. முன்பின் உள்ள சொற்களைக் கொண்டு பொருத்தமான சொல்லை ஊகிக்கிறது. தொகை விஷயத்தில் அந்த ஊகம் உதவாது. அந்த வாக்கியத்தில் இருபதும் பொருந்தும், அறுபதும் பொருந்தும்.

ஏழு மாதங்களில் அச்சகோதரர் வஃபாத்தானார். இத்தா முடிந்தபின் அவருடைய மனைவி நகையை விற்று 20,000 ரூபாய் அனுப்பினார். கடைக்காரர் மீதியைக் கேட்டார். அப்பெண்மணி தம் சகோதரருடன் வந்து, கைப்பேசியை நீட்டி, "ஹஜ்ரத், இதை எழுதினது நீங்கதானே?" என்று கேட்டார். நான்தான் என்றேன், தொகை தவறு என்றும் சொன்னேன். இரண்டு நாட்கள் அந்த வீட்டில் என் சொல்லும் என் எழுத்தும் எதிரெதிரே நின்றன. பிறகு அவர் என் சொல்லை ஏற்றார். மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கொடுத்து வருகிறார். என் பிழைக்கு ஈடாக ஒரு பகுதியை நான் ஏற்க முன்வந்தபோது, "அவர் கடன், நாங்களே அடைக்கிறோம்" என்று மறுத்துவிட்டார்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடன் பெற்றவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. எத்தனையோ முறை இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றோ கடன் பெற்றவர் சொல்லவில்லை, நான் சொன்னேன். நீதி இன்னதென்று அறியாத கருவி எழுதியது. சாட்சியும் இல்லை.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் வஹீயை எழுதி முடித்ததும், நபி (ஸல்) அவர்கள் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, விடுபட்டதைச் சரிசெய்வார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. எழுதியதை மூலத்துடன் ஒப்பிடாதவன் எழுதாதவனே என்ற கருத்தில் உர்வா (ரஹ்) அவர்கள் தம் மகனிடம் கூறியதும் பதிவாகியுள்ளது. சொல்வதும் எழுதுவதும் அவர்களிடம் பாதி வேலைதான்; வாசித்துக் காட்டுவதே மறுபாதி.

குரல்வழி எழுதுவதை நான் விடவில்லை. ஆனால் தொகை, தேதி, பெயர், இறைவசனம் ஆகியவற்றைக் கையால் தட்டுகிறேன். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கிறேன். கடன் என்றால் கடன் பெறுபவரையே பேசச் சொல்லி, இரு சாட்சிகள் முன் உரக்க வாசித்த பிறகே அனுப்புகிறேன். ஐந்து நிமிட வேலை பத்து நிமிடமாகிறது. ஆகட்டும்.

உங்கள் கைப்பேசியிலும் வாசிக்காமல் அனுப்பிய கணக்கு ஏதேனும் இருந்தால், சம்பந்தப்பட்டவர் உயிருடன் இருக்கும்போதே அதை எடுத்து வாசித்துவிடுங்கள்.

நம் நாவையும் எழுத்தையும் அமானிதமாகப் பேண வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.