தேய்க்காம அழுத்தணும்

அம்மாவோட பழைய சுங்குடிச் சேலைகளை 2½ இஞ்ச் சதுரமா வெட்டி, போர்வை தைச்சிட்டிருக்கேன்.
அரக்கு, சந்தனம், அரக்கு, சந்தனம்.

ஒரு வரிசைக்கு 16 சதுரம். 15 தையல்.
கால் இஞ்ச் பிடிச்சு ஒழுங்காத்தான் தைச்சேன்.
அளந்து பாத்தா 32½ வரவேண்டிய இடத்துல கிட்டத்தட்ட ஒரு இஞ்ச் குறையுது.

தப்பு தையல்ல இல்ல, இஸ்திரியில.

தையல் வாயில துணி முழுசா விரியாம, மடிஞ்சே படிஞ்சிருக்கு.
ஒரு தையலுக்கு அரை நூல்தான்.
15 தையலுக்கு 7½ நூல். 8 நூல் சேந்தா ஒரு இஞ்ச்!

மறுபடி எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன்.
முதல்ல தைச்சபடியே தையல் மேல ஒரு அழுத்து. தையல் நூல் துணியோட படியணும்.
அப்புறம் விரிச்சு, நல்ல பக்கத்துல ஒரு அழுத்து.
இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைக்கணும். இழுத்துத் தேய்ச்சா சதுரம் கோணிக்கும்.

உள்ஓரம் எல்லாம் அரக்குப் பக்கமே சாயணும். சந்தனத்துல நிழல் தெரியாது.
இன்னொண்ணும் நடக்குது. சந்தனத்துல ஆரம்பிக்கிற அடுத்த வரிசையை மேல வைக்கும்போது மடிப்புகள் எதிரெதிரா வந்து, ஒண்ணுக்கொண்ணு முட்டி உக்காருது.
விரலை வெச்சுத் தடவினாலே தெரியுது. நாலு மூலையும் ஒரே புள்ளியில!

அம்மா இந்தச் சேலைகளை மடிச்சு, தலையணைக்கு அடியில வெச்சுத்தான் கசங்கல் எடுப்பாங்க.
அதுவும் தேய்க்காம அழுத்தினதுதானே?

உங்க வீட்டுப் பழைய சேலைகள் இப்ப என்னவா இருக்கு?