பந்தியில் இருப்பவரை எழுப்பாத படகுக்காரருக்கு

அன்புள்ள படகுக்கார அண்ணனுக்கு,

தை மாதத்து மாலை ஒன்றில், பள்ளிப்பட்டிலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டத்தை பீமுனிவாரிபாளையம் துறையிலிருந்து பழவேற்காடு ஏரிக்குள் அழைத்துப் போனீர்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவன் எழுதுகிறேன். படகுக் கூலியை அன்றைக்கே தீர்த்துவிட்டோம். நன்றிதான் பாக்கி. நாலு பேர் அறியச் சொல்ல வேண்டிய நன்றி என்பதால் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்குப் படகு புதுசு. கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் கொசஸ்தலையில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கும். மற்ற நாளெல்லாம் ஆற்றில் மணலைத்தான் பார்ப்போம். அதனால் துறையில் ஒரே கூச்சல். நீங்கள் சத்தம் போடவில்லை. தலை எண்ணினீர்கள். அளவுக்கு மேல் இருந்தவர்களை அடுத்த நடைக்கு நிற்கச் சொன்னீர்கள். போட்டோவுக்கு எடுப்பாக இல்லை என்று உயிர்காப்புச் சட்டையைக் கழற்றிய பையனிடம், "மாட்டிக்கோ, அப்புறம்தான் இன்ஜின்" என்றீர்கள். ஒவ்வொருவர் வாரையும் உங்கள் கையாலேயே இழுத்துப் பார்த்தீர்கள். 2011-ல் கிறிஸ்துமஸ் அன்று, இதே ஏரியின் தமிழகக் கரையான பழவேற்காட்டில், சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லி எங்களைப் பயமுறுத்தாமலேயே பத்திரமாகக் கூட்டிப் போனீர்கள்.

நீங்கள் இரக்கம் தீவுக்காரர்; இருப்பது ஆந்திரம், பேச்சு தமிழ். எங்கள் ஊரோ 1960-ல் எல்லை மாற்றும் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்குதான். எங்கள் பெரியம்மா தெலுங்கில் கேட்க நீங்கள் தமிழில் பதில் சொல்ல, படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் உறவுக்காரர்களாகிவிட்டோம்.

போகிற வழியில் வலை கட்டிய கழிகள் வந்த இடத்திலெல்லாம் இன்ஜினைத் தூக்கிப் பிடித்து, விசிறி வலையில் சிக்காமல் தாண்டினீர்கள். யாருடைய வலையோ! அப்புறம் பூநாரைக் கூட்டம் தெரிந்தது. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா பக்கம், தண்ணீருக்கு மேல் நீளமாக ஒரு வெளிர்சிவப்புக் கோடு. அவ்வளவு தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியை எடுத்துத் தள்ள ஆரம்பித்தீர்கள். கழியில் இடுப்பளவுகூட நனையவில்லை. இத்தனை பெரிய ஏரி இவ்வளவு ஆழம்தானா என்று அசந்துபோனோம். கொஞ்ச தூரம் போய்க் கழியைச் சேற்றில் ஊன்றி நிறுத்திவிட்டீர்கள்.

"இன்னும் கிட்ட விடுங்கண்ணே, நூறு ரூபா சேர்த்துத் தர்றோம்" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "பந்தியில உட்கார்ந்தவங்கள எழுப்பலாமா தம்பி?" என்றீர்கள்.

பிறகு உங்கள் பைனாகுலரை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தீர்கள். அதில்தான் பார்த்தேன்: ஒரு பூநாரை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கியது, கழுத்தை வளைத்துத் தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகை நீரில் தோய்த்து, தண்ணீரை வடித்து வெளியே விட்டது. உள்ளே தங்குவது பாசியும் பொடி இறாலும். அதன் சிவப்பே அந்தச் சாப்பாட்டிலிருந்து வருவது என்றீர்கள். ஒரு முறை கலைத்தால் மொத்தக் கூட்டமும் எழும்பும், தின்றதெல்லாம் பறப்பதிலேயே போய்விடும் என்றும் சொன்னீர்கள். தலைக்கு மேலே கூழைக்கடாக்கள் வரிசையாக வடக்கே போயின. நேலபட்டில் கூடு கட்டி, இங்கே வந்து மீன் பிடித்துப் போகிறவை என்று நீங்கள் காட்டியிருக்காவிட்டால் ஏதோ கொக்கு என்று விட்டிருப்போம்.

திரும்பும்போது சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. எங்கள் கொசஸ்தலை பூண்டி வழியாக எண்ணூருக்குப் போய்விடுகிறது. ஆனால் நகரிக்கு அப்பாலுள்ள மலைகளில் பெய்யும் மழை ஆரணியாறாக உங்கள் ஏரிக்குத்தான் வருகிறது. அந்த நன்னீரும் முகத்துவாரம் வழியாக ஏறும் கடல்நீரும் கலந்தால்தான் இறால் விளையும். இறால் இருந்தால்தான் உங்களுக்கும் பிழைப்பு, பறவைக்கும் பந்தி. ஆற்றில் குப்பை கொட்டுகிறவர்கள் மலைப்பக்கத்து ஆட்களாகிய நாங்களும்தான். எங்கள் பங்குக்கு நாங்கள் கவனிக்க வேண்டியதை நீங்கள் குற்றமாகச் சொல்லாமல் சேதியாகச் சொன்னீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இதைப் படித்துவிட்டு ஏரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. படகுக்காரர் இதற்கு மேல் போகமாட்டேன் என்றால் பேரம் பேசாதீர்கள். கிட்டப் போவதற்குத் தர நினைத்த அந்த நூறு ரூபாயை, போகாததற்காக அவர் கையில் கொடுங்கள். நாங்கள் நீட்டியபோது நீங்கள் வாங்கவில்லை அண்ணே. அடுத்த தைக்கு வரும்போது விடமாட்டோம்.

அன்புடன்,
பள்ளிப்பட்டிலிருந்து உங்கள் தம்பி