சாத்தாங்காட்டில் கேட்ட ஓசை

வடசென்னை என்றதும் உங்களில் பலருக்கு ராயபுரமும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் நினைவில் எழும். இன்னும் வடக்கே செல்வோருக்குத் திருவொற்றியூர். அங்கிருந்து மேற்கே திரும்பிப் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தால் வருகின்ற சாத்தாங்காட்டையோ, அங்கு தொழில் உடையோரைத் தவிர வேறெவரும் நாடிச் செல்வதில்லை. கண்ணுக்குக் குளிர்ச்சியாய்ப் பார்க்க அங்கே ஒன்றுமில்லை. இரும்பு இருக்கிறது. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் நெரிசலைக் குறைக்கும் பொருட்டுச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இங்கே இரும்பு எஃகுச் சந்தையை அமைத்தது. கம்பியும் தகடும் குழாயும் ஆங்கிளும் மலைபோல் குவிந்து கிடக்க, அவற்றை ஏற்றவும் இறக்கவும் லாரிகள் வந்தவண்ணம் இருக்கின்றன.

இரும்பின் பெயரால் ஒரு முழு அத்தியாயமே அமையப்பெற்ற வேதம் நம்முடையது. ஐம்பத்தேழாவது சூரா ‘அல்ஹதீத்’. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்ட செய்தியையும் அம்மறையில் ஓதுகிறோம். மதரஸாவில் சிறுவர்களுக்கு இவற்றைப் பாடம் நடத்துகின்ற எனக்கு, வெயிலில் காய்ந்து துருமணம் வீசும் அந்தச் சந்தைக்குள் நுழையும்போதெல்லாம் ஓர் இனம்புரியாத நெருக்கம் தோன்றுவதுண்டு.

லாரிகள் கூடுமிடத்தில் பட்டறைகளும் கூடும். லேத் கடை, வெல்டிங் கடை, ஸ்பிரிங் பட்டை கட்டுவோர் என்று வரிசையாய் உள்ளனர். இந்த வட்டாரத்து மக்களுக்கு எஞ்சின் அறிவு நேற்று வந்ததன்று. 1948இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. 1955இல் அதுவே அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிற்று. அதே ஆண்டில்தான் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இங்கிலாந்து நிறுவனத்தோடு கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவினர். திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் புறப்பட்டன. தந்தை லேலண்டில், மகன் என்ஃபீல்டில், பேரன் சொந்தப் பட்டறையில் என்று மூன்று தலைமுறையாய்க் கையில் கிரீஸ் ஒட்டிய குடும்பங்கள் இங்கே உண்டு.

பழைய கார்களின்பால் பிரியம் கொண்ட நண்பர்கள் நால்வரோடு நானும் அவ்வப்போது அங்கு செல்வேன். நால்வரில் ஒருவருக்கு அது வெறும் பிரியமன்று, பிழைப்பு. முன்னர் டாக்சி ஓட்டியவர். இப்போது தம் வெள்ளை நிற அம்பாசிடரைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழைய அம்பாசிடர்தான் வேண்டும் என்று கேட்போர் இன்று பெருகியுள்ளனர். அவ்வண்டியின் உற்பத்தியோ 2014இல் நின்றுவிட்டது.

அந்த வண்டியின் எஞ்சினில் ‘டொக், டொக்’ என்றொரு ஓசை புகுந்தது. நகரில் ஒரு பட்டறையில் காட்டினார். கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கிக் கிராங்கைக் கடைந்தாக வேண்டும் என்று ஐந்திலக்கத் தொகை ஒன்றைச் சொல்லிவிட்டனர். அடுத்த மாதம் ஆறு திருமணங்களுக்கு முன்பணம் வாங்கியிருந்த மனிதர், வண்டியைக் காயலான் கடைக்கே போட்டுவிடலாமா என்று எண்ணும் அளவுக்குச் சோர்ந்துபோனார். (பழைய இரும்புக் கடைக்குச் சென்னையில் வழங்கும் இப்பெயர், அத்தொழிலில் ஈடுபட்ட நம் காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்பர்.)

சாத்தாங்காட்டில் நாங்கள் வழக்கமாய்ச் செல்லும் மெக்கானிக் முதியவர். டீசல் லாரிகளோடு வாழ்நாளைக் கழித்தவர். வண்டியைத் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்டார். காலையில் முதல் முறை இயக்கும்போது கேட்கிறதா, சூடேறிய பிறகா? மேடு ஏறும்போது கூடுகிறதா, குறைகிறதா? ஆயில் பிரஷர் எப்படி? நண்பர் யோசித்து விடை சொன்னார்: வண்டி நின்றபடி ஓடும்போதுதான் பலமாய்க் கேட்கிறது, வேகம் கூட்டினால் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது, பிரஷரில் குறைவில்லை.

“ஹஜ்ரத், ராடு அடிச்சா பளு ஏற ஏற சத்தம் கூடணும். இது குறையுதுங்கிறாரே” என்று என்னைப் பார்த்துச் சொன்னார் பெரியவர்.

அடுத்து நடந்ததை வாசகர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், ரப்பர் பிடியிட்ட கொறடால் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் வயரையும் ஒரு கணம் கழற்றினார். எந்தச் சிலிண்டரின் ராடு தளர்ந்திருக்கிறதோ, அதில் வெடிப்பு நின்றதும் ஓசை அடங்க வேண்டும். நான்கிலும் ஓசை அப்படியே இருந்தது. பின்னர் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு பொருத்திக் கேட்டார். மருத்துவர் மார்பில் குழாய் வைத்துக் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. டேப்பெட் மூடியின் மேல் ஓசை மெலிந்தது. நடுவில் மங்கிற்று. முன்பக்கத்தில் ஓங்கிக் கேட்டது. நாங்கள் ஐவரும் முறைவைத்துக் காது கொடுத்தோம். ஒருவர் வாட்டர் பம்ப் என்றார். மற்றொருவர் டைனமோ என்று அடித்துச் சொன்னார். அரைமணி நேரம் சுவையான வாதம் நடந்தது. பெரியவர் தேநீர் அருந்தியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வாதத்தை முடித்து வைத்தது ஒரு எளிய சோதனை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டினார். பெல்ட் இல்லையேல் தண்ணீர் சுழலாது. ஆகவே அதற்கு மேல் ஓட்டலாகாது. ஓசை இல்லை! குற்றம் எஞ்சினுக்குள் இல்லை என்பது அக்கணமே தெளிவாயிற்று. நண்பரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

டைனமோவைக் கையால் சுழற்றினால் வழுவழுப்பாய்ச் சுற்றியது. வாட்டர் பம்பிலும் ஆட்டமில்லை. எஞ்சியது கிராங்கின் முன்முனையில் மாட்டிய புல்லி. அதைப் பிடித்து ஆட்டியபோது லேசாக ‘கிளிக்’ என்று முன்னும் பின்னும் நகர்ந்தது. புல்லியையும் கிராங்கையும் பிணைக்கின்ற சிறு இரும்புத் துண்டு உண்டு. மெக்கானிக்குகள் அதைக் ‘கீ’ என்பர். முன் நட்டு தளர்ந்து, அந்தக் கீ தேய்ந்து, அது அமரும் பள்ளமும் அகன்றுபோயிருந்தது. எஞ்சின் மெதுவாய் ஓடும்போது ஒவ்வொரு வெடிப்பும் கிராங்கை வெட்டி இழுக்கும். பெல்ட்டின் சுமையால் புல்லி பின்தங்கும். பின்தங்கிய புல்லி கீயின் மீது மோதும். வேகம் கூடினால் சுழற்சி சீராகிவிடுவதால் மோதல் குறையும். மேட்டில் ஓசை மறைந்த புதிரும் அவிழ்ந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தி சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றி, இரு உருளைகளால் நீரேற்றும் பொறியை விளக்கி எழுதியவர் அல்ஜஸரீ. தியார்பக்ரில் அர்துகீ மன்னர்களிடம் பணியாற்றிய அவரது நூல் 1206இல் நிறைவுற்றது. இன்றைய எஞ்சினில் பிஸ்டனின் முன்பின் அசைவு சுழற்சியாக மாறுகிறது. அவரது பொறியில் நடந்ததன் மறுதலை அது. நம் பிள்ளைகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் தேடி அலைகின்ற பெற்றோரில் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பர்?

ரேடியேட்டரை இறக்கிப் புல்லியைக் கழற்றினார்கள். புதுப் புல்லி உடனே கிடைக்கவில்லை. பக்கத்து லேத் கடை இளைஞர் புல்லியின் துளையைப் பெரிதாக்கி, உள்ளே இரும்பு புஷ் ஒன்றை இறுக்கமாய்ச் செலுத்தி, கிராங்கின் அளவுக்குக் கடைந்து, புதுப் பள்ளம் வெட்டிக் கொடுத்தார். நல்லவேளையாகக் கிராங்கின் பள்ளம் பழுதுறவில்லை. புதிய கீ, நட்டு திரும்பாதிருக்கப் புதிய வாஷர், புதிய பெல்ட். அஸர் தொழுதுவிட்டு வந்து எஞ்சினை இயக்கினோம். ஃபேன் காற்றின் இரைச்சல் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பெரியவர் கேட்ட கூலியோ, முன்னர் சொல்லப்பட்ட தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. நண்பர் கூடுதலாய்க் கொடுத்ததை அவர் வாங்க மறுத்துவிட்டு, “நூறு கிலோமீட்டர் ஓடினதும் கொண்டாங்க, அந்த நட்டை ஒருதரம் பார்த்துடலாம்” என்று சொல்லி, வாயிலில் காத்திருந்த லாரியின் பக்கம் போய்விட்டார்.